நிரோஷாவின் தட்டு காலியான விதம்

சாப்பாடு வீணாகப் போவதைப் பார்த்தால் எனக்கு மனசு தாங்காது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். கல்யாண வீட்டில் பக்கத்து இலைக்காரர் வடையைத் தொடாமல் எழுந்துவிட்டால், அந்த வடையின் கதி என்னாகுமோ என்று அன்றைக்கு முழுவதும் எனக்கு வேறு வேலை ஓடாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டர். மற்றதெல்லாம் இதிலிருந்து வந்ததுதான்.

நடந்ததை வீட்டில் ஒவ்வொருவரும் உள்ளபடி சொல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். என் மனைவி அழகம்மா அழுதுகொண்டே சொன்னாள். மகன் துஷாந்த் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னான். என் முறை வந்தபோது எழுதித் தருகிறேன் என்றேன். வாயால் சொன்னால் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிடுவேன். அது எங்கள் ஊர் வட்டகொடை முழுக்கத் தெரிந்த சங்கதி. எழுத்தில் அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

என் பெயர் வீரய்யா. தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தொழிற்சாலையில் தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவன். நான் வேலையில் இருந்த காலத்தில் எங்கள் தேயிலையின் வாசம் பட்டு லண்டனில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். சொன்னவன் நான்தான். இப்போது வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே சொந்த வீடு, ஓய்வு, நல்ல காற்று, சீனி வியாதி. காலையில் இலைக்கஞ்சி, பகலில் குரக்கன் ரொட்டி, இரவில் பாகற்காய் என்று அழகம்மா எனக்கு விதித்திருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு பாகற்காயைக் கோழி இறைச்சி என்று நினைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். கோழிக்குத்தான் அவமானம்.

நிரோஷா எங்கள் மருமகள். றொசல்லப் பெண். தோட்டப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறாள். துஷாந்த் கொழும்பில் வேலை, வார இறுதியில்தான் வருவான். கல்யாணமாகி வந்தபோது நிரோஷா நல்ல பூசினாற்போல் இருந்தாள். ரயிலிலிருந்து அவள் இறங்கியதும் சாய்ந்திருந்த பெட்டி நிமிர்ந்துகொண்டது, என்ஜின் டிரைவர் எட்டிப் பார்த்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார் என்று நான் ஒரு கதை கட்டினேன். அருமையான கதை. வந்தவர் போனவர் எல்லாரிடமும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் ரயில் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. கடைசித் தடவை தண்டவாளத்தையே பெயர்த்துப் போட வேண்டியதாயிற்று. எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும் விட நிரோஷாதான் அதிகம் சிரித்தாள். சிரிக்கிற ஆளுக்கு வலிக்காது என்பது என் கணக்கு.

பிறகு அவள் மெலியத் தொடங்கினாள். இரவுச் சோறு நின்றது. தேத்தண்ணியில் பால் நின்றது, சீனி நின்றது. ஒரு நாள் விரதம் என்றாள், ஒரு நாள் வயிறு சரியில்லை என்றாள். ஊர் கொண்டாடியது. தலவாக்கலையில் துணிக்கடை வைத்திருக்கும் என் கூட்டாளி ஹலீம், "என்னாண்ணே, மருமக சினிமாவுல நடிக்கப் போறாவா?" என்று கேட்டான். பக்கத்துப் பெண்கள் வேலியோரம் வந்து அவளிடம் ரகசியம் கேட்டார்கள். காய்ச்சலுக்கு மருந்தெடுக்கப் போன இடத்தில் டிஸ்பென்சரிக்காரர் தராசில் ஏற்றிப் பார்த்து, இப்போதுதான் உயரத்துக்கேற்ற எடை, இப்படியே வைத்துக்கொள்ளம்மா என்றார். நானும் காலத்துக்கேற்ப என் கதையைத் திருத்தினேன். இப்போது அவள் இறங்கினால் ரயிலுக்குத் தெரிவதே இல்லை, ஸ்டேஷன் மாஸ்டர் காற்றடித்தது என்று நினைத்து டிக்கட் வாங்க மறந்துவிடுகிறார் என்றேன். அதைக் கேட்டபோது அவள் முகம் விளக்கேற்றினாற்போல் ஆனது. முந்திய கதைக்கு அவள் சிரித்த சிரிப்புக்கும் இந்த முகத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நான் அன்றைக்கே கவனித்தேன். கவனித்து, கதையில் இன்னொரு வரி சேர்த்தேன்.

பள்ளிக்கூடத்தில் கரும்பலகைக்கு முன்னால் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் துஷாந்த் அவளை உங்களிடம் கூட்டிவந்தான். சாப்பிடாமல் உடம்பு வற்றிப்போகும் அனொரெக்ஸியா என்றீர்கள், அதிலும் வழக்கத்துக்கு மாறான வகை என்றீர்கள். அழகம்மா நம்பவில்லை. "எலும்புந் தோலுமாவா இருக்கு எம் மருமக? கன்னத்தப் பாருங்க டாக்டரம்மா, கிள்ளுனா கையோட வரும்" என்றாள்.

நீங்கள் கோபப்படவில்லை. யாழ்ப்பாணத்துப் பேச்சில் மெதுவாகச் சொன்னீர்கள். "அம்மா, இது மெலிஞ்சு எலும்பான ஆக்களுக்கு மட்டும் வாற நோய் வருத்தம் இல்லை. இப்ப என்ன நிறை எண்டதை விட, எவ்வளவு கெதியா எவ்வளவு இறங்கினவா எண்டதுதான் முக்கியம். பார்வைக்கு நல்லா இருக்கிறா. ஆனா நாடி எவ்வளவு மெதுவா அடிக்குது பாருங்கோ. எழும்பி நிண்டா பிரஷர் விழுகுது. மாத சுகவீனமும் நிண்டு போச்சு. உடம்பு பட்டினியில கிடக்குது, அம்மா. சாப்பாட்டைக் கண்டா அவவுக்குப் பயம். அந்தப் பயந்தான் வருத்தம்."

அழகம்மாவுக்கு அப்போதும் விளங்கவில்லை. எனக்கு உடனே விளங்கியது. கொழுந்து தொழிற்சாலைக்கு வந்ததும் முதலில் அதை வாட்ட வேண்டும். காற்றில் கிடந்து அதிலுள்ள தண்ணீரில் பாதி போய்விடும். ஆனால் தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்குக் குவியல் அப்படியேதான் தெரியும். பச்சையாகத்தான் இருக்கும். கையில் அள்ளிப் பிடித்தால்தான் உள்ளே சரக்கு இல்லை என்பது தெரியும். இதை நான் அழகம்மாவுக்கு எடுத்துச் சொன்னபோது நீங்கள் பேனாவை வைத்துவிட்டு, "நல்ல உதாரணம், ஐயா. நான் மற்ற ஆக்களுக்கும் சொல்லுறன்" என்றீர்கள். அந்தப் பாராட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் முழுக்கச் சுற்றினேன். சுற்றி முடிக்கும்போது நீங்கள் அதை வெளிநாட்டு மாநாட்டில் பேசியிருந்தீர்கள்.

ஆகவே, டாக்டர், இந்த வீட்டில் அவள் நோயை முதலில் புரிந்துகொண்டவன் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. மேலே படிக்கும்போது உங்களுக்கு ஞாபகம் இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

சாப்பாடுதான் மருந்து என்றீர்கள். நேரத்துக்குச் சாப்பாடு, பக்கத்தில் ஒரு ஆள். உடம்பைப் பற்றிப் பேச்சும் வேண்டாம், பகிடியும் வேண்டாம். வற்புறுத்தாமல், அழாமல், தட்டு காலியாகும்வரை கூட இருக்க வேண்டும். துஷாந்த் கொழும்பில். அழகம்மா பக்கத்தில் உட்கார்ந்தால் கெஞ்சுவாள். அவள் அழ, இவள் அழ, சோறு ஆற, கறியில் கண்ணீர் விழுந்து உப்புக் கூடிப்போகும். சாப்பாட்டின் முன்னால் நிதானமாக உட்காரத் தெரிந்தவர் நம் வீட்டில் ஒருவர்தான் என்று எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பதவி ஏற்றுக்கொண்டேன்.

அழகம்மா எனக்கு எச்சரிக்கை தந்தாள். "இந்தா பாருங்க, அது அந்தப் புள்ளைக்கி வச்சது. கைய நீட்டுனீங்க, ஒடிச்சிக் கஞ்சிக்குள்ள போட்டுருவேன்."

முதல் நாள் தேங்காய்ப்பூ போட்ட கோதுமை ரொட்டி, மேலே பட்டர் உருகி வழிகிறது. பக்கத்தில் கட்டச்சம்பல், பொரித்த முட்டை, கெட்டிப் பருப்பு. வாழைப்பழம் வேறு. அந்த ரொட்டியின் வாசத்துக்கு மேல்மலைத் தோட்டத்தில் காலை வேலை பிரிக்கும் பெரட்டுக்கு நின்ற ஆட்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு இறங்கி வந்திருக்க வேண்டும். நிரோஷா அதைக் காலில் ஏறிய அட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னால முடியல மாமா. தொண்டைக்குள்ள எறங்க மாட்டேங்குது."

"ஒண்ணும் செய்யாது புள்ள. இந்தா, நான் காட்டுறேன்" என்று ஓரத்தில் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன். சத்தியமாக அவளுக்குத் தைரியம் கொடுக்கத்தான். ரொட்டிக்கு ஒரு குணம் இருக்கிறது, அது வட்டமானது. ஓரத்தில் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்று அதில் ஒரு இடமும் குறித்து வைத்திருப்பதில்லை. நான் சுற்றிக்கொண்டே போய்ப் பார்த்தபோது ரொட்டி முடிந்திருந்தது. முட்டை தனியாக நிற்பது நன்றாக இல்லை.

அழகம்மா கதவைத் தள்ளிக்கொண்டு வந்து காலித் தட்டைப் பார்த்தாள். "எஞ் சாமி, எந் தங்கம்" என்று மருமகளின் தலையைச் சுற்றி நெட்டி முறித்தாள். மாரியம்மன் கோயிலுக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டாள். அந்த நேரத்தில் நான் உண்மையைச் சொல்லியிருந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை என்று யோசித்துப் பாருங்கள். நிரோஷா தலையைக் குனிந்தபடி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அப்படி ஒரு நன்றியோடு என் வாழ்நாளில் யாரும் என்னைப் பார்த்ததில்லை. எங்களுக்குள் ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளவில்லை. பேசிக்கொள்ள வேண்டிய தேவையும் அதன்பிறகு வரவில்லை.

தட்டு காலியாக வேண்டும் என்றுதான் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். தட்டு ஒவ்வொரு வேளையும் காலியானது.

நான் அவளுக்குச் செய்தது உதவி என்றே நினைத்தேன். ஒவ்வொரு வாய்க்கும் அவள் எப்படித் துடித்தாள் என்பதை நீங்கள் கிளினிக்கில் உட்கார்ந்துகொண்டு பார்த்திருக்க முடியாது. நெற்றியில் வியர்வை, கண்ணில் தண்ணீர். ஒரு பெண் பிள்ளை துன்பப்படும்போது பக்கத்தில் இருக்கிற பெரிய மனிதன் அந்தச் சுமையைத் தன்மேல் வாங்கிக்கொள்ள வேண்டாமா. நான் வாங்கிக்கொண்டேன். நெத்தலிப் பொரியல், மாசிச் சம்பல், நெய் போட்ட பருப்பு, பின்னேரப் பால் தேத்தண்ணியோடு பணியாரம் எல்லாவற்றையும் தனி ஆளாகச் சுமந்தேன்.

எடை ஏறவில்லை என்று நீங்கள் சாப்பாட்டின் அளவைக் கூட்டச் சொன்னீர்கள். அதற்கு அப்போதே நன்றி சொல்ல ஆசைப்பட்டேன். சந்தர்ப்பம் அமையவில்லை.

ஒரே ஒரு சிக்கல். எனக்குச் சீனி ஏறிவிட்டது. கிளினிக் நர்ஸ் மிஸ்ஸி ரத்தம் எடுத்துப் பார்த்து, இது மனிதனுடைய ரத்தமா, கித்துள் வெல்லப்பாணியா என்று கேட்டாள். கால்சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றாக வேலையிலிருந்து விலகிக்கொண்டன. அழகம்மா அதற்கும் காரணம் கண்டுபிடித்தாள். "மருமகள நெனச்சி நெனச்சியே இந்த மனுசன் ஒடம்பக் கெடுத்துக்கிட்டாரு" என்று ஊரெல்லாம் சொன்னாள். சொல்லிவிட்டு என் குரக்கன் ரொட்டியில் பாதியை வெட்டினாள். அதனால் எனக்குப் பசி கூடியது. அதனால் நிரோஷாவின் தட்டைப் பற்றிய என் பொறுப்புணர்ச்சியும் கூடியது. இதில் எங்கே என்னைக் குற்றம் சொல்வது.

நிரோஷாவோ நடுப்பகலிலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரிந்தாள். ஸ்டேஷன் ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுப் படிகளில் ஏறும்போது நின்று நின்று ஏறினாள். சீப்பில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. பார்க்கிறவர்கள் எல்லாம், பிள்ளை தேறிவிட்டது, வேளாவேளைக்குச் சாப்பிடுகிறதாமே என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

தட்டை என் பக்கம் தள்ளும்போது அவள் விரல்கள் என் கையில் படும். சில்லென்று இருக்கும். ஈரமுமில்லை, பிடிப்புமில்லை. முப்பது வருஷம் கொழுந்தைத் தொட்டுப் பார்த்தே தீர்ப்புச் சொன்ன கை இது. அந்த விரல் பட்ட மாத்திரத்தில் எவ்வளவு போய்விட்டது, எவ்வளவு மிச்சம் என்று என் கைக்குத் தெரியும். என் கை அதை எனக்குச் சொல்லவும் சொன்னது. ஆனால் அப்போது அந்தக் கைக்கு வேறு வேலை இருந்தது.

ஹலீமின் மனைவி செரீபா முட்டையும் கருப்பட்டியும் சேர்த்து வட்டிலப்பம் செய்தால், அடுப்பிலிருந்து இறக்கும்போதே தலவாக்கலை பஸ் ஸ்டாண்டில் பஸ்கள் புறப்பட மறுக்கும். நிரோஷாவின் சுகவீனத்தைக் கேள்விப்பட்டு அவள் ஒரு பெரிய கிண்ணம் நிறைய அனுப்பியிருந்தாள். ஹலீமே கொண்டுவந்தான். "அண்ணே, ஊட்டுல செஞ்சது. மருமகளுக்கு. ஒங்களுக்கு இல்ல, வெளங்குதா?" என்று இரண்டு தடவை கேட்டான். விளங்குகிறது என்று இரண்டு தடவையும் சொன்னேன்.

அன்று பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அதைக் கிண்ணத்தோடு நிரோஷாவின் முன்னால் வைத்தோம். அழகம்மா கொல்லைக்குப் போனாள். கிண்ணம் என் பக்கம் வந்தது. முடிக்கும் நேரத்தில் நிரோஷா கை கழுவ எழுந்தாள். எழுந்தவள் மேசையைப் பிடித்தாள், பிடி கிடைக்கவில்லை, அப்படியே சரிந்து விழுந்தாள். கத்தியிருக்க வேண்டும். ஆனால் என் வாய் நிறைய இருந்தது. முதலில் விழுங்கினேன். பிறகு கத்தினேன்.

இடையில் ஒரு காரியமும் செய்தேன். கிண்ணத்தையும் கரண்டியையும் அவள் உட்கார்ந்திருந்த பக்கம் தள்ளி வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன டாக்டர் அவசரமாக வந்து, கடந்த நாட்களில் இவர் என்ன சாப்பிட்டார், எவ்வளவு சாப்பிட்டார் என்று கேட்டார். அழகம்மா என்னைப் பார்த்தாள். துஷாந்த் அப்போதுதான் கொழும்பிலிருந்து ஓடிவந்திருந்தான். அவனும் என்னைப் பார்த்தான். கட்டிலில் கிடந்த நிரோஷாவும் அரைக்கண் திறந்து பார்த்தாள். என்னைக் காட்டிக்கொடுக்க அவளுக்கு மனமில்லை என்பது அந்தப் பார்வையில் இருந்தது. நல்ல பிள்ளை. "மூணு வேளையும் தட்டுக் காலி, டாக்டர். நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்று சொன்னேன். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை.

நன்றாகச் சாப்பிட்டுவந்த பெண் என்று நம்பி, அதற்கேற்ற அளவில் அவளுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். அடுத்த நாள் கால்கள் வீங்கின. அதற்கடுத்த நாள் நெஞ்சு தாறுமாறாக அடித்தது. வயர்கள் மாட்டிய அறைக்கு அவளைக் கொண்டுபோனார்கள். அழகம்மா வெளியே தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். "இவ்வளவு நாளு நல்லா சாப்ட்டுச்சே, என் கையால ஆக்கிப் போட்டேனே, எங்கங்க கொற வச்சேன்?" என்று என்னைக் கேட்டாள்.

நான் ஏன் அப்போதும் வாய் திறக்கவில்லை என்று நீங்கள் கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். பயம்தான். அவள் செத்துப்போவாள் என்ற பயம் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் அழகம்மாவுக்குத் தெரிந்தால் இனிமேல் என்னைச் சாப்பாட்டு மேசைப் பக்கம் அண்டவிட மாட்டாளே என்ற பயம்தான் முதலில் வந்தது. மற்றது அதற்குப் பின்னால் வரிசையில் நின்றது.

உண்மையை நானே உங்களிடம் ஒப்புக்கொண்டேன் என்று ஊரில் சொல்லியிருக்கிறேன். நடந்தது உங்களுக்குத் தெரியும். அவளை வயர் அறைக்குக் கொண்டுபோன அன்றைக்கு நீங்கள் வந்து என்னைத் தனியாக உட்காரவைத்து, "ஐயா, விழுந்த அண்டைக்கு அவ கடைசியா என்ன சாப்பிட்டவ?" என்று கேட்டீர்கள். வட்டிலப்பம் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நீங்கள் சாப்பிடாத ஒரு பொருளை உங்களுக்குச் சரியாக விளக்காமல் விட எனக்கு மனம் வரவில்லை. கித்துள் கருப்பட்டி எப்படி அடியில் கறுப்பாக இறங்கியிருந்தது, ஏலக்காய் எந்த இடத்தில் நாக்கில் தட்டுப்பட்டது, முந்திரிப்பருப்பு ஊறி எப்படிப் பல்லுக்கு இதமாக இருந்தது, கிண்ணத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை வழிக்கும்போது வந்த ருசி நடுவில் இருந்ததைவிட எப்படி ஒரு படி மேல் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன்.

நீங்கள் எழுதுவதை நிறுத்தினீர்கள். "சாப்பாட்டுக்குப் பயந்த பிள்ளைக்கு ஓரத்து ருசி எல்லாம் தெரியாது, ஐயா. இது நீங்கள் சாப்பிட்டதுதானே?"

என் வாழ்க்கையில் எந்தக் கதையையும் நான் அவ்வளவு உண்மையாகச் சொன்னதில்லை. அதில்போய் மாட்டிக்கொண்டேன்.

நீங்கள் எழுந்து வேகமாகப் போனீர்கள். போகும்போது சொன்னதை மறக்க முடியவில்லை. "பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியா சாப்பாடு குடுத்தா இதயம் தாங்காது. கொஞ்சம் கொஞ்சமா, ரத்தத்தைச் சோதிச்சுச் சோதிச்சுத்தான் கூட்ட வேணும். நல்லாச் சாப்பிட்ட பிள்ளை எண்டு நீங்கள் சொன்னதை நம்பித்தான் குடுத்தது."

அதன்பிறகு எல்லாவற்றையும் மாற்றினீர்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். இப்போது வார்டில் எழுந்து உட்காருகிறாள். துஷாந்த் என்னோடு பேசுவதில்லை. அழகம்மா திட்டவே இல்லை. என் குரக்கன் ரொட்டியை வைத்துவிட்டுப் பேசாமல் போய்விடுகிறாள். திட்டாத அழகம்மாவோடு நான் இதற்கு முன் வாழ்ந்து பழகியதில்லை. யாரோ வேறொருவர் வீட்டில் சாப்பிடுவதுபோல் இருக்கிறது.

ஒன்றை மட்டும் இன்னும் சொல்லவில்லை. மேலே அந்த வட்டிலப்பப் பகலை எழுதும்போது கிண்ணம் என் பக்கம் வந்தது என்று எழுதியிருக்கிறேன். அது எப்படி வந்தது என்று எழுதவில்லை.

அன்றைக்கு நிரோஷா கிண்ணத்தைத் தள்ளவில்லை. கரண்டியைக் கையில் எடுத்தாள். கை நடுங்கியது. கரண்டியின் நுனியில் கொஞ்சம் எடுத்து, வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"மாமா, இன்னைக்கி நானே கொஞ்சம் சாப்ட்டுப் பாக்கவா?"

அத்தனை நாளில் அவள் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பயத்தோடுதான் கேட்டாள், ஆனால் கேட்டாள். இத்தனை மருந்தும், கிளினிக்கும், அழகம்மாவின் நேர்த்திக்கடனும் எந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கிடந்தனவோ அந்த வார்த்தை அதுதான் என்பது எனக்குத் தெரிந்தது. நோயை முதலில் புரிந்துகொண்டவன் நான் என்று சொன்னேனே.

கிண்ணத்தைப் பார்த்தேன். இரண்டு பேருக்குப் பங்கு போட்டால் போதாது.

"வேணாம் புள்ள" என்றேன். "கை நடுங்குது பாரு. ஏன் செரமப்படுற? நாளைக்கிப் பாத்துக்கலாம்."

அவள் கரண்டியை வைத்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். ரயில் கதைக்குச் சிரித்த அதே சிரிப்பு. கிண்ணத்தைத் தள்ளினாள்.

இதை அவள் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டாள். மாமா நல்லவர், என் கஷ்டம் பொறுக்காமல்தான் செய்தார் என்றுதான் சொல்லியிருப்பாள். அதுவும் ஒரு வகையில் சரிதான். அவள் கை நிஜமாகவே நடுங்கியது.

இந்தக் கடைசிப் பகுதியை வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். பார்வையாளர் நேரம் இன்னும் தொடங்கவில்லை. வழக்கமாக அழகம்மாதான் பஸ்ஸில் சாப்பாடு கொண்டுவருவாள். நேற்று முழங்கால் வீங்கிவிட்டது. வேறு ஆளில்லை. சாப்பாட்டுக் கேரியரைத் துணியில் கட்டி, முடிச்சின் மேல் முடிச்சாக, ஒரு ஆளைக் கட்டிப்போடும் அளவுக்கு முடிச்சுப் போட்டு, என் கையில் தந்தாள். பல நாளைக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினாள். "அந்தப் புள்ள நம்ம வீட்டுச் சோறு வேணும்னு அதுவா கேட்டிருக்குங்க. ஒங்கள நம்பித்தான் குடுக்குறேன்."

நான் கண்ணீர் விட்டேன். இனி ஒரு பருக்கையைத் தொட மாட்டேன் என்று அவள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். பஸ் ஏறி உட்கார்ந்ததும் மடியில் கேரியரைக் குழந்தையைப்போல் வைத்துக்கொண்டேன். நானுஓயா வளைவுகளில் பஸ் குலுங்கியபோது கஞ்சி சிந்தியிருக்குமோ என்று கவலை வந்தது. சிந்தியிருந்தால் துடைத்துவிடலாமே என்றுதான் முடிச்சை அவிழ்த்தேன்.

ஒன்றும் சிந்தவில்லை. கஞ்சி அப்படியே இருக்கிறது. பருப்பும் அப்படியே இருக்கிறது. முட்டை மட்டும் பாதி. அவளுக்கு எதையும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும் என்று நீங்கள் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, டாக்டர்.